திருகோணமலைப் பாறைக்கரை: போக முதல் தெரிஞ்சிருக்க வேண்டியது

கோணமலை வாசி:

பாறைக்கரை பார்க்க வாற ஆக்கள் முதலில் மாதத்தைப் பாருங்கோ. சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் கடல் இடம் தரும். கார்த்திகையில் வாடை, அதாவது வடகீழ்க் காற்று, எழும்பினால் தை முடியுமட்டும் அலை நேராக, கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையில் வந்து விழும். அந்த நாட்களில் கோயில் வீதியில் நின்று பார்க்கிறதோடு நிறுத்த வேணும்.

மலை 350 அடிக்கு மேல் உயரம், கடல் பக்கம் செங்குத்து. மணற்கரையில் அலை தூரத்திலேயே அடி தட்டி உடைந்து, வேகம் குறைந்துதான் காலுக்கு வரும். இங்கே மலையடியிலேயே ஆழம். உடையாத அலை முழுப் பலத்தோடு கல்லில் அறைந்து திரும்பும்போது, பின்னால் வாற அலையோடு சேர்ந்து இன்னும் உயரமாக எழும்பும். அமைதியாகத் தெரியிற நாளிலும் திடீரென்று ஓர் அலை ஆளை இழுக்கிறதுக்கு இதுதான் காரணம்.

எந்தப் பாறையில் இறங்கினாலும் முதலில் 20 நிமிடமாவது தள்ளி இருந்து கடலைப் பாருங்கோ. பெரிய அலைகள் சேர்ந்து சேர்ந்துதான் வரும், ஐந்து நிமிடம் பார்த்தால் பிடிபடாது. கல்லின் நிறத்தையும் பாருங்கோ. மேலே வெளிறிக் காய்ந்திருக்கும், அதற்குக் கீழே கறுத்து, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், இன்னும் கீழே சிப்பி ஒட்டியிருக்கும். கறுப்புத் தொடங்குகிற இடம் வரைக்கும் அலை வழமையாக ஏறும் என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு மேலேயே நில்லுங்கோ. இங்கே வற்றுப் பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை, எனவே தண்ணி வற்றும்போது இறங்கலாம் என்ற கணக்குச் சரிவராது. றப்பர் செருப்பு வேண்டாம், குதிக்கால் வார் உள்ள சப்பாத்துப் போடுங்கோ.

கல்லும் கடலும்:

சுவாமிமலையில் இருக்கிற பெரிய பிளவான இராவணன் வெட்டைப் பற்றி ஒரு சொல். இராவணன் வாளால் வெட்டின இடம் என்றது எங்கட ஐதீகம், அதை அப்படியே வைத்துக்கொண்டு கல்லையும் கவனியுங்கோ. சுவாமிமலை பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறின மிகப் பழைய பாறை. அதில் நெட்டுக்கு நெட்டாக வெடிப்புகள் ஓடும். மழைத்தண்ணி உள்ளே இறங்கும், உப்பு உறைந்து விளிம்பை உதிர்க்கும், கீழே அலை மோதும்போது வெடிப்புக்குள் அகப்பட்ட காற்று ஆப்பு இறுக்கின மாதிரிக் கல்லைப் பிளக்கும். பலவீனமான கோடு அகலும், பக்கத்துக் கல் அப்படியே நிற்கும்.

மேலே நின்று பார்த்தால், காலையில் சூரியன் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், படம் எடுத்தால் பாறை கறுத்துப் போகும். பின்னேரம் மலையின் நிழல் விழும். சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, உப்புவெளி அல்லது நிலாவெளிப் பக்கமிருந்து போட்டில் வந்து கடலிலிருந்து பார்க்கிறதுதான் என் கணிப்பில் சிறப்பு. மேலே கம்பி வேலிக்குள் நின்று பார்க்கிற வெட்டு, கீழிருந்து பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று விளங்கும். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடின மைக் வில்சனும் பழைய கோயிலின் கற்றூண்களைக் கண்டதும் இந்த மலையடித் தண்ணிக்குள்தான்.

மேலே கோயிலில் செருப்புக் கழற்ற வேணும், மதியத்தில் கல் சுடும், நடையும் சாத்தியிருக்கும். கோயிலுக்குப் போற வழியில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீங்கோ. அங்கே திரியிற மானுக்குத் தீனியும் கொடுக்காதீங்கோ, பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும்.

நிலாவெளிப் போட்காரன்:

புறாமலை என்ற பவளப்பாறைத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 2003இல் இருந்து தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு வேறு, போட் காசு வேறு, இரண்டையும் கரையிலேயே கேட்டு முடியுங்கோ. விடிய வெள்ளனப் போனால் தண்ணி தெளிவு, ஆக்களும் குறைவு.

பெரிய பிழை நடக்கிறது காற்றில். ஆனி, ஆடியில் கச்சான், அதாவது தென்மேல் காற்று, தரையிலிருந்து கடல் பக்கம் வீசும். அதனால்தான் கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்த்து ஏமாந்து காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை ஏற்றினால், கரையை விட்டு விலக விலகக் காற்றின் பிடி கூடும், கையால் துழாவித் திரும்பேலாது. மிதவையைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பெரிய ஆள் ஒருவர் பிடிச்சிருக்க வேணும்.

பவளத்தில் கால் வைக்காதீங்கோ. காலும் வெட்டுப்படும், பல வருசம் வளர்ந்த பவளமும் முறிஞ்சு போகும். பாறை இடுக்கில் கறுப்பு முள்ளோடு கடல் முள்ளெலி இருக்கும், கையை விட்டுத் தேடாதீங்கோ.

உப்புவெளி அக்கா:

ஆராவது பாறையிலிருந்து தவறி விழுந்தால்? அதையும் சொல்லுங்கோ தம்பி.

நிலாவெளிப் போட்காரன்:

விழுந்த ஆள் கல்லைப் பிடித்து ஏற முயலக் கூடாது அக்கா. அடுத்த அலை தூக்கி அதே கல்லில்தான் அடிக்கும். கல்லை விட்டு வெளிக் கடல் பக்கம் கொஞ்சம் நீந்தி, நிமிர்ந்து மிதந்துகொண்டு கையைக் காட்ட வேணும். மேலே நிற்கிறவர்கள் பின்னால் குதிக்காமல், மூடின வெற்றுப் பிளாஸ்டிக் கானையோ பெரிய தண்ணிப் போத்தலையோ கயிற்றோடு எறியுங்கோ. ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் பக்கத்துப் போட்காரரைக் கூப்பிட்டு, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.