650 சிசி வண்டியை வீட்டிலேயே தூக்கி நிறுத்த எந்த ஜாக்கி வாங்கலாம்?

நெல்லை_பயணி:
வணக்கம். என்னுடைய 650 சிசி ராயல் என்ஃபீல்டை இனி வீட்டிலேயே பராமரிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாட்டில் ஜாக்கி, சிசர் ஜாக்கி, பின்சக்கரத்தை மட்டும் தூக்கும் பேடக் ஸ்டாண்ட், மேசை போன்ற ஹைட்ராலிக் லிஃப்ட் எனக் கடைகளில் பலவும் கிடைக்கின்றன. 2 டன் தாங்கும் பாட்டில் ஜாக்கி விலை குறைவாக இருப்பதால் அதையே வாங்கிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_14:
எந்த 650 என்று சொல்லவில்லையே, நண்பரே? இன்டர்செப்டர் என்றால் சென்டர் ஸ்டாண்டுடனேயே வந்திருக்கும்; செயின் வேலைக்கு அதுவே போதும். வேறு மாடல் என்றால் பதிலும் வேறு.

மலைப்பாதை:
என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் இடுவதற்கும், பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கும், முன் ஃபோர்க்கை இறக்குவதற்கும் ஒரே கருவி சரிப்படாது. அத்துடன் வண்டி நிற்கும் தரை கான்கிரீட்டா, டைல்ஸா, பேவர் பிளாக்கா என்பதும் தெரிய வேண்டும்.

பழைய_பட்டறை:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமைகூட இல்லாதவர் இருநூறு கிலோவுக்கு மேலான வண்டியைத் தனியாகத் தூக்க நினைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வண்டியுடன் கொடுத்த கையேட்டை முதலில் முழுவதும் வாசியுங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் மாடல், வேலை, தரை, இடவசதி ஆகிய நான்கையும் ஒழுங்காக எழுதிக் கேளுங்கள்.

நெல்லை_பயணி:
மன்னிக்கவும், ஐயா. வண்டி சூப்பர் மீட்டியர் 650. இப்போதைக்குச் செயினைச் சுத்தம் செய்ய வேண்டும். சில மாதங்களில் பின் டயரையும் நானே கழற்றி மாற்றக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். வண்டி வீட்டு போர்டிகோவில்தான் நிற்கும்.

ஸ்பேனர்_14:
அப்படியானால் பாட்டில் ஜாக்கியை மறந்துவிடுங்கள். சூப்பர் மீட்டியரின் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர்தான். 2 டன் பாட்டில் ஜாக்கிகள் முழுவதும் இறங்கிய நிலையிலேயே பெரும்பாலும் 150 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுவதால், அது வண்டிக்கு அடியில் நுழையவே நுழையாது. நுழைந்தாலும் பயனில்லை, காசளவு அகலமுள்ள இரும்புத் தலையில் 241 கிலோ வண்டி எப்படி நிற்கும்? இரண்டு டன், மூன்று டன் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது செங்குத்தாக எவ்வளவு சுமக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. காருக்கு அது போதும், ஏனென்றால் ஒரு மூலையைத் தூக்கும்போது மற்ற மூன்று சக்கரங்கள் தரையில் இருக்கின்றன. இரண்டு சக்கர வண்டியில் நம்மை வீழ்த்துவது பக்கவாட்டு ஆட்டம். ஆகவே எத்தனை டன் என்று பார்க்காமல், வண்டியை எவ்வளவு அகலத்தில், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள்.

திருகு_மரை:
நான் சிசர் ஜாக்கியைத்தான் பரிந்துரைப்பேன். மோட்டார் சைக்கிளுக்கென்றே அகலமான தட்டும் ரப்பர் உறையும் வைத்துச் செய்கிறார்கள். திருகால் உயர்வதால், சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கிவிடும் என்ற பயம் இல்லை. ஹைட்ராலிக் கருவியை நம்பி ஒருநாளும் வேலை செய்ய மாட்டேன்.

பழைய_பட்டறை:
ஹைட்ராலிக் கருவி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இயந்திரப் பூட்டு இருக்கிறது. நல்ல லிஃப்டுகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும் இரும்புத் தண்டு பற்களில் விழுந்து சுமையை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பூட்டு இல்லாத லிஃப்டை வாங்கக்கூடாது, பூட்டு விழாமல் அடியில் கை வைக்கவும் கூடாது. இதுகூடத் தெரியாமல் ஹைட்ராலிக் ஆபத்து என்று பொதுவாக எழுதுவது புதியவர்களைக் குழப்பும்.

அடுத்து, சிசர் ஜாக்கியை எங்கே வைப்பார் என்று யாருமே கேட்கவில்லை. இது ஸ்பைன் சட்டம், அதாவது முதுகெலும்பு போல மேலே ஓடும் சட்டம். எஞ்சினே சட்டத்தின் பலத்தில் பங்கெடுக்கிறது. அடியில் இருபுறமும் சட்டக் குழாய் ஓடும் வண்டிகளைப் போல இதையும் எண்ணிக்கொண்டு ஜாக்கியைத் தள்ளினால், தட்டு நேராக எஞ்சின் ஆயில் தேங்கும் அலுமினிய ஆயில் சம்பிலோ, வடிகால் போல்ட்டிலோ, சைலன்சர் குழாயிலோ போய் உட்காரும். சம்பில் விரிசல் விழுந்தால் மிச்சம் பிடித்த சர்வீஸ் கூலியைப் போலப் பல மடங்கு செலவாகும். தரையில் படுத்து டார்ச் அடித்து, எங்கே தாங்கு கொடுக்கலாம் என்று கண்ணால் பார்த்து, கையேட்டுடன் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுக்கட்டும்.

மலைப்பாதை:
ஐயாவின் தொனியை ஏற்க முடியாவிட்டாலும் அவர் சொல்லும் செய்தி சரியானது. நெல்லை நண்பருக்குப் பின்சக்கர வேலை மட்டும்தான் என்பதால் பேடக் ஸ்டாண்ட் போதும் என்பது என் கருத்து. அது வண்டியின் முழு எடையையும் தூக்குவதில்லை. முன்சக்கரம் தரையிலேயே நிற்பதால் ஏறக்குறைய பாதிச் சுமைதான் அதன் மேல் வருகிறது. பிடி நெம்புகோலாக வேலை செய்வதால் கைக்கும் அவ்வளவு பாரம் தெரியாது. பின்சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற ஸ்விங் ஆர்மைச் சக்கரத்தின் இருபுறமும் அகலமாகப் பிடிப்பதால் ஆட்டமும் குறைவு.

வாங்குமுன் ஸ்விங் ஆர்மில் பாபின் (ஸ்டாண்டின் கொக்கி பிடிக்கும் சிறு உருளை) பொருத்த மரையுள்ள துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வி வடிவக் கொக்கி. இல்லையென்றால் அடியில் தாங்கும் எல் வடிவ ரப்பர் திண்டு. எல் திண்டு வைக்கும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் அதற்கடியில் நசுங்காமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ஸ்டாண்டின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வண்டியின் பின் டயரே 150 மில்லிமீட்டர் அகலம்.

ஸ்பேனர்_14:
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து தூக்குவது எளிது. பழகும் வரை இன்னொருவர் வலப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளட்டும். தூக்கியதும் முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். வண்டி முன்னால் உருளாது. செயின் சுத்தம் செய்யச் சக்கரத்தைக் கையால் சுழற்றினாலே போதும்.

வேகத்தடை:
கையால் சுழற்ற நேரமாகும். நான் முதல் கியரில் போட்டு, எஞ்சினை ஓட விட்டுப் பிரஷைச் செயினில் பிடிப்பேன். ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும்.

மலைப்பாதை:
தயவுசெய்து இதை யாரும் பின்பற்ற வேண்டாம். துணியோ பிரஷோ செயினில் சிக்கினால் கையைச் சேர்த்து ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கையை உருவ நினைப்பதற்குள் விரல் போய்விடும்.

வேகத்தடை:
ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழையும் பக்கத்தில் பிடித்தால்தான் இழுக்கும். வெளியே வரும் பக்கத்தில் பிடித்தால் ஒன்றும் ஆகாது. நெடுங்காலமாக இப்படித்தான் செய்கிறேன்.

திருகு_மரை:
எந்தப் பக்கத்தில் பிடித்தாலும், ஓடும் எஞ்சினின் அதிர்வில் எல் திண்டு நழுவாது என்பதற்கு என்ன உறுதி? சக்கரம் சுழன்றபடியே தரையைத் தொட்டால் வண்டி எதிரே உள்ள சுவரை நோக்கிப் பாயும். அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

வேகத்தடை:
பட்டறைகளில் எல்லாரும் செய்வதைத்தான் நான் சொன்னேன்.

பழைய_பட்டறை:
என் பட்டறையில் செய்ய விட்டதில்லை. இந்த விவாதத்தை இத்துடன் விட்டுவிட்டுக் கேட்டவருக்குப் பயன்படுவதைப் பேசுவோம். டயரைக் கழற்றப் போவதாகச் சொன்னார். சக்கரம் கழன்றதும் பின்பக்கம் எடை குறைந்து வண்டியின் கனம் முன்னோக்கி நகரும். எஞ்சினுக்கு அடியில் ஒற்றை ஜாக்கியில் நிற்கும் வண்டி அந்த நேரத்தில் மூக்கு குத்தி விழக்கூடும். பேடக் ஸ்டாண்டில் முன்சக்கரம் தரையில் இருப்பதால் அந்த அபாயம் குறைவு. ஆக்சில் நட்டு இறுக்கமாக இருக்கும். அதை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஸ்டாண்டில் ஏற்றியபின் நீளமான ஸ்பேனரைப் போட்டு முழு பலத்துடன் இழுப்பவர்கள்தான் வண்டியைச் சாய்க்கிறார்கள்.

போர்டிகோ என்று எழுதியிருக்கிறாரே தவிர, தரை எப்படி என்பதை இன்னும் சொல்லவில்லை. மழைநீர் வடிய நம் ஊரில் போர்டிகோவுக்கு வாட்டம் விட்டுத்தான் தளம் போடுவார்கள்.

மலைப்பாதை:
ஆம், மிக நல்ல கேள்வி. வாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வண்டியைத் தூக்கக்கூடாது. ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். அது உருளும் திசையில் முன்சக்கரம் இருக்கக்கூடாது. வாட்டம் குறுக்காக இருந்தால் அங்கே தூக்குவதையே தவிர்த்துவிடுங்கள். டைல்ஸ் என்றால் ஸ்டாண்டின் சிறு உருளைகள் ஒரே புள்ளியில் அழுத்தி டைல்ஸை உடைக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை அடியில் போடுங்கள்.

திருகு_மரை:
முன் ஃபோர்க் வேலையும் செய்வதாக இருந்தால் மேசை லிஃப்டே சிறந்தது. ஆனால் அதற்கு ஏழடிக்கு மேல் நீளமும், சுற்றிவர இடமும் வேண்டும். அதுவரை முன்சக்கரத்தைக் கம்பெனி சர்வீஸிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நெல்லை_பயணி:
அனைவருக்கும் நன்றி. தரை டைல்ஸ், வாட்டம் தெருவாசலை நோக்கி. வண்டியைத் திருப்பி வீட்டுப் பக்கம் முன்சக்கரம் இருக்கும்படி நிறுத்தினேன். எல் திண்டு வைத்த பேடக் ஸ்டாண்டும் பிளைவுட் பலகையும் வாங்கி, தம்பியை வலப்பக்கம் நிற்க வைத்துத் தூக்கினேன். ஆடாமல் நின்றது. செயின் வேலை முடிந்தது.

ஸ்பேனர்_14:
மகிழ்ச்சி. ஸ்விங் ஆர்மில் பாபினுக்கான துளை இருந்ததா, இல்லையா? அடுத்து இதே வண்டிக்கு வாங்குபவர்களுக்கு உதவியாக இருக்கும். முடிந்தால் திண்டு உட்கார்ந்த இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.