மறு: ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு ஒரு சொல் – ‘கடவை’க்கு என் ஓட்டு

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். காவிரியை எங்கெங்கே கடக்கலாம் என்று தன்னார்வலர்கள் சேர்த்து வரைபடத்தில் ஏற்றுகிற நம் பட்டியலில் ‘கிராஸிங்’ என்று தலைப்பிட்ட கட்டத்துக்குத் தமிழ்ச் சொல் தேடப் போய், பேச்சு இப்போது பாலம் என்றால் என்ன என்பதில் வந்து நிற்கிறது. மேட்டூருக்குக் கீழே முக்கொம்பு வரைக்கும் பதிவு ஏற்றுகிறவன் நான் என்பதால், வேலையில் எனக்கு இடித்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

> எல்லாவற்றையும் ‘பாலம்’ என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பூலாம்பட்டியில் இந்தக் கரை சேலம் மாவட்டம், எதிரே நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம், நடுவே விசைப்படகு ஓடுகிறது. போன மாதம் நான் ஏறியபோது என் வண்டியையும் இன்னும் நாலைந்து டூவீலர்களையும் பலகை போட்டு உருட்டி ஏற்றினார்கள், ஒரு அம்மா மடியில் கோழிக்கூடையோடு என் கேரியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவணையில், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய தடுப்பணையில், தேக்கிய நீர் பரந்து கிடப்பதால் ஊரைக் குட்டிக் கேரளா என்கிறார்கள். பராமரிப்புக்காகக் கதவணையைத் திறந்து நீரை வடித்தாலும் படகு நின்றுவிடும், வெள்ளம் வந்தாலும் நின்றுவிடும். இதைப் பாலம் என்று எழுதினால் வரைபடத்தை நம்பி லாரிக்காரர் வந்து ஆற்றோரம் நிற்பார்.

அந்தக் கதவணைகளே ஒரு தலைவலி. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்சாரத்துக்காகக் கட்டியது. ஆற்றைக் குறுக்கே மறிக்கிறது என்பதற்காக ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பதா, மேலே ஆள் போக முடிகிறது என்பதற்காகவா? கல்லணையில் இந்தக் குழப்பம் இல்லை, மதகுகளுக்கு மேலே பாதை போகிறது, மக்களும் போகிறார்கள். மேட்டூர் அணை 1934-லிருந்து ஆற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் அதன் மேல் நீங்களோ நானோ நினைத்தபோது வண்டி ஓட்டிப் போக முடியாது. ‘மறிப்பு’ வேறு, ‘கடப்பு’ வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

> ‘துறை’ என்ற அழகான சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. மயிலாடுதுறை, ஆடுதுறை, ஆவடுதுறை என்று டெல்டா முழுக்க அந்தச் சொல்தான் ஊராக உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்காக ஒரு வாரம் ‘துறை’ என்றே கட்டத்துக்குத் தலைப்பு வைத்துப் பார்த்தேன். தன்னார்வலர்கள் நிரப்பி அனுப்பியதைத் திறந்தால் ஒன்றில் ‘நெடுஞ்சாலை’, அடுத்ததில் ‘பொதுப்பணி’, ஒருவர் மட்டும் ‘தெரியவில்லை, ஊராட்சியாக இருக்கலாம்’. அவர்கள் மேல் தப்பு இல்லை. இன்றைக்குத் துறை என்றால் அரசுத் துறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தவிர, துறை என்றால் குளிக்கவும் இறங்கலாம், துவைக்கவும் இறங்கலாம், அக்கரை போய்த்தான் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘பரிசல் துறை’, ‘படகுத் துறை’ என்று வகைப்பெயராக வைத்துக்கொள்வோம், ஒகேனக்கல்லுக்கும் பூலாம்பட்டிக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

‘ஆற்றுக் கடத்தல்’ என்று முன்மொழிந்த நண்பரே, இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் காவிரிக் கரையில் நின்றுகொண்டு கடத்தல் என்று சொன்னால் மணல் லாரிதான் கண்ணுக்கு வரும். ‘கடவு’ எனக்கும் பிடித்திருந்தது, மலையாளத்தில் தோணி அடையும் இடத்துக்கு இன்றும் அதுதான் சொல். ஆனால் கைப்பேசியில் ‘கடவு’ என்று தட்டினால் ‘கடவுள்’ முந்திக்கொண்டு வருகிறார். பட்டியலில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் ‘ரயில் கடவுள்’ என்று பதிவாகித் திருத்தியிருக்கிறேன்.

மிஞ்சுவது ‘கடவை’. இலங்கையில் இது அன்றாடச் சொல்: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. பாதுகாப்பற்ற கடவையில் விபத்து என்று அங்கே செய்தி வந்தால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் புழங்கவில்லை என்றாலும் கடவுச்சொல், கடவுச்சீட்டு பழகிய ஆளுக்கு இது அந்நியமாகத் தெரியாது. மட்டக்களப்பு நண்பர், எங்களுக்குக் கடவை என்றால் ரோட்டிலும் தண்டவாளத்திலும்தான், நீரைக் கடக்கிற மிதவைப் படகுக்குப் பெயர் ‘பாதை’ என்று எழுதியிருந்தார். அருமையான தகவல். அவர்கள் பக்கத்து மண்முனையில் 2014-இல் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடந்தது பாதையில்தான் என்பதை இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஆனாலும் இங்கே பாதை என்றால் நடந்து போகிற வழி, அதனால் பொதுச்சொல்லாக எடுக்க முடியவில்லை. ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இருக்கிற சொல்லை ஆற்றுக்கும் நீட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது, ‘ஆற்றுக் கடவை’ என்று ஒரு முறை சொன்னால் போதும்.

ஆனால் கடவைக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம் இதுவெல்லாம் இல்லை. அது கட்டுமானத்தின் பெயர் இல்லை, இடத்தின் பெயர். கொள்ளிடத்தில் திருச்சிப் பக்கம் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன, அதற்குள் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. நம் பட்டியலில் அந்தப் பழைய பாலத்தை ‘இல்லை’ என்று மாற்றியபோது அந்த இடமே அழிந்துபோன மாதிரி வரைபடம் காட்டியது, போக்குவரத்தோ ஒரு நாளும் நிற்கவில்லை. ஸ்ரீரங்கம் போகிற காவிரிப் பாலத்திலும் அதே கதை: 1976-இல் திறந்தது, இணைப்புகளைச் சரிசெய்ய 2022 நவம்பரில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள், அப்புறம் பக்கத்தில் இன்னொன்று கட்டவும் தொடங்கினார்கள். பாலம் வரும், போகும். ஜனங்கள் கடப்பது அங்கேயேதான். ஆகவே கடவைக்கு ஒரு எண், அதற்குக் கீழே அங்கே இருந்த, இருக்கிற, வரப்போகிற பாலங்கள் என்று அடுக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்புறம் வகைப்பெயர்கள். ‘காஸ்வே’க்குத் தமிழ்நாட்டில் தரைப்பாலம் என்றே வைத்துக்கொள்வோம், பேச்சிலும் பத்திரிகையிலும் அதுதான் இருக்கிறது. தாம்போதியை இலங்கை நண்பர்களுக்காக இணைச்சொல்லாகக் கொடுக்கலாம். குமரி மாவட்டத்துக்காரர் தங்கள் ஊரில் இதற்குச் சொல்கிற ‘சப்பாத்து’ என்பதையும் சேர்க்கச் சொன்னார், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் சப்பாத்து காலில் போடுவது, எனவே பட்டியலைப் படித்துவிட்டு அங்கிருந்து யாராவது சிரித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

‘ஸ்பேன்’ என்பதற்குப் ‘பாவு நீளம்’, ‘தூணிடைத் தொலைவு’ என்று இரண்டு முன்மொழிவு வந்திருக்கிறது. நீளத்தை மீட்டரில் எழுதும் கட்டத்துக்குத் தூணிடைத் தொலைவு இருக்கட்டும். எண்ணிக்கைக்கு மட்டும் தயவுசெய்து ஊர்ப்பேச்சுக்கு வாருங்கள். மேட்டூரில் உபரி நீர் போவது பதினாறு கண் மதகு வழியாக, செங்கோட்டை–புனலூர் ரயில் போவது பதிமூன்று கண் பாலத்தின் மேல். எத்தனை கண் என்று கேட்டால் கரையில் மாடு மேய்க்கிற பையன் எண்ணிச் சொல்லிவிடுவான், தூணிடைத் தொலைவு எத்தனை என்று கேட்டால் நம்மையே ஒரு மாதிரியாகப் பார்ப்பான். ‘கண் எண்ணிக்கை’ என்றே தலைப்பு இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி, ‘பருவம்’ என்ற கட்டம். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது. அதற்குப் பிறகு கீழே பல இடங்களில் மணலில் நடந்தே அக்கரை போய்விடலாம், நானும் போயிருக்கிறேன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ஆற்றில் ஒரே ஒரு ஓடையைத் தாண்டினால் சரி. அதை ‘நடைக் கடவை, கோடை மட்டும்’ என்று பதியலாம் என்பது என் யோசனை. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் கட்டத்தின் தலைப்பைக் ‘கடவை’ என்று மாற்றிவிடுகிறேன், பழைய பதிவுகளையும் நானே திருத்துகிறேன். கர்நாடகப் பகுதியைப் பார்க்கிற அக்காவுக்கு ஒரு கேள்வி: மேக்கேதாட்டுவை ஒருவர் கடவை என்று ஏற்றியிருக்கிறார், குறிப்பில் ‘ஆடுதாண்டும் காவிரி, பெயரிலேயே இருக்கிறது’ என்று காரணமும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் சங்கமத்தில் பரிசல் உண்டு, அதைத் தனியாகப் பதிந்துவிட்டேன். மேக்கேதாட்டுப் பதிவில் பயனாளர் என்ற கட்டத்தில் ‘ஆடு’ என்று இருக்கிறது. நீக்கவா, விடவா?