மறுமொழி: மட்டநிலத்தண்டா, கிழங்கா? ‘கரணை’ என்றொரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரிஸ் என்னும் பூச்செடியின் சேமித்து வைத்த தண்டுகளை நடுவதற்கான கையேட்டில் எந்தச் சொல்லை ஆள்வது என்ற விவாதத்தில் ‘மட்டநிலத்தண்டு’, ‘கிழங்கு’ ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, மண்ணில் கிடைமட்டமாக வளரும் தண்டுக்கு (rhizome) தாவரவியல் பாடநூல்களில் நிலைபெற்ற சொல்; அதை மாற்ற நான் கோரவில்லை. ஆனால் அது உறுப்பின் பெயர். செடியிலிருந்து பிரித்து, உலர்த்தி, அடுத்த நடவுக்கென்று எடுத்து வைத்த துண்டுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

‘கிழங்கு’ என்பதை நான் ஏற்கத் தயங்குவது பட்டறிவினால். கிழங்கு என்றதும் கை தானாகவே ஆழக் குழி தோண்டும். முதன்முறை நானும் அப்படித்தான் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்தேன்; சில வாரங்கள் கழித்துத் தோண்டியபோது எல்லாம் கூழாகி நாறியது. தாடி ஐரிஸின் (இதழில் தாடிபோல் மயிருள்ள வகை) தண்டு, முதுகு மண்ணுக்கு மேல் தெரியக் கிடக்க வேண்டியது. குழியின் நடுவே சிறு மண்மேடு அமைத்து, அதன்மேல் தண்டைக் கிடத்தி, வேர்களை இருபுறமும் சரியவிட்டு அவற்றை மட்டும் மண்ணால் மூட வேண்டும். வெயில் கடுமையான இடங்களில் 2 செ.மீ. அளவுக்கு மேல்மண் தூவலாம். வெங்காயம் போன்ற குமிழத்திலிருந்து வளரும் டச்சு ஐரிஸையோ ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். பெயர் ஒன்றாயினும் நடவு நேரெதிர் என்பதால், சொல் குழம்பினால் செடி அழுகும்.

கரும்பு நடுவோரிடம் ‘கரணை’ இன்றும் வாழும் சொல். ‘இருபருக் கரணை’ என்று பருவை, அதாவது முளைக்கும் மொட்டை, எண்ணியே சொல்கிறார்கள். நடுவதற்கென்று வெட்டிய, பருவுள்ள, படுக்கையாக வைக்கப்படும் தண்டுத் துண்டு என்பதே அதன் பொருள். காகிதப் பையிலிருந்த ஐரிஸ் துண்டொன்றை இப்போது கையில் எடுத்துப் பார்க்கிறேன்: விரல் நீளம், பழுப்புத் தோலில் உதிர்ந்த இலைகளின் வளைய வடுக்கள், அடியில் நூலாய் வற்றிய வேர்கள், பக்கவாட்டில் வெளிர்பச்சையாய் ஒரு பரு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. ஆகவே நடத் தகுந்தது. ஒருமுறை பூத்த தண்டு மறுபடி பூக்காது, பக்கப் பருவிலிருந்து கிளைப்பதே பூக்கும் என்பதால், பருவை முன்னிறுத்தும் சொல்லே இங்கும் பொருந்துகிறது.

கருணைக்கிழங்கைக் கரணை என்றும் வழங்குவதுண்டே என்ற ஐயம் நியாயமானது. ‘ஐரிஸ் கரணை’ என்று எழுதினால் மயக்கம் வராது. கரும்புக் கரணையை மண்ணால் மூடுகிறார்களே என்பதுதான் வலுவான தடை. எனவே சொல்லடைவில் விளக்கத்தையும் சேர்த்தே பதியலாம்:

ஐரிஸ் கரணை: மறுநடவுக்காகப் பிரித்து உலர்த்திச் சேமித்த, குறைந்தது ஒரு பருவேனும் உள்ள மட்டநிலத்தண்டுத் துண்டு; முதுகு தெரிய நடப்படுவது.

‘முதுகு தெரிய நடுதல்’ என்பதற்கும் ஒற்றைச்சொல் ஆக்க முயன்றேன். எதுவும் இதைப்போல் கைக்கு வழிகாட்டவில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.