கடற்கரை ஊரிலிருந்து நட்சத்திர ஒளி அளந்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர், தேவனாம்பட்டினம்:
மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் எங்கள் பக்கம் வானம் தெளியும். தெளிந்தாலும் கடல் ஈரம் விடாது. "இங்கே போய் ஒளி அளக்கிறதா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். தாராளமாக அளக்கலாம்.

நான் எடுத்துக்கொண்டது அல்கோல். இரட்டை நட்சத்திரம். 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கலான துணை நட்சத்திரம் முன்னால் வந்து மறைக்கும், மேக்னிட்யூட் (ஒளி அளவு; எண் கூடினால் மங்கல்) 2.1இலிருந்து 3.4க்குப் போய் ஒளி இறங்கும். மொட்டைமாடியில் டிரைபாட், 50 எம்எம் லென்ஸ், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்), அவ்வளவுதான். ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்திவிடுவேன். கூர்மையாக விட்டால் நடு பிக்சல் நிரம்பிவிடும், அப்புறம் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் அல்கோலைச் சொடுக்கினால் ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஒரு வளையமும் விழும். வட்டத்துக்குள் நட்சத்திரமும் பின்னணி வானமும் கலந்திருக்கும். வளையத்தில் வெறும் வானம். வானத்தின் பங்கைக் கழித்தால் நட்சத்திரம் மட்டும் மிஞ்சும். சில்வர் பீச் விளக்கு, சிப்காட் பக்கத்து வெளிச்சம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கழித்தலிலேயே போய்விடும். அடுத்து, அதே படத்தில் ஒளி மாறாத ஒரு நட்சத்திரத்தையும் இப்படியே அளக்க வேண்டும். ஈரக்காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோல மங்கவைப்பதால் இரண்டின் ஒளி விகிதம் கெடாது. நம்மைப் போன்ற கடற்கரைக்காரர்களைக் காப்பாற்றுவதே இந்த விகிதம்தான். பக்கத்திலிருக்கும் ரோ பெர்சி என்ற நட்சத்திரத்தை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், அதுவும் மாறக்கூடியது.

நான் அளந்த அன்று வரைபடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கி, பத்து மணி வாக்கில் அடிதொட்டு, மறுபடி ஏறத் தொடங்கின. திரையை விட்டு எழவே மனம் வரவில்லை.

புதுச்சேரி, வீராம்பட்டினம்:
அண்ணா, அருமை. நான் டெல்டா செஃபை என்ற மாறும் நட்சத்திரத்தைப் பின்தொடர்கிறேன், 5.37 நாளுக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்கும். மெல்லிய மேகம் படத்தின் ஒரு மூலையை மட்டும் மூடினால் ஒப்பீடும் உதவாது, அந்தப் படங்களை ஒதுக்கிவிடுவேன்.

இன்னொன்று. நாம் பயன்படுத்தும் மேக்னிட்யூட் கணக்கை 1856இல் வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் சென்னை வானாய்வகத்தில்தான் இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை நம் கரையிலிருந்து யாராவது அளந்திருக்கிறீர்களா?

கடலூர், தேவனாம்பட்டினம்:
இன்னும் இல்லை தம்பி. தெற்கே 15 டிகிரி உயரம்தான் ஏறும். அவ்வளவு தாழ்வில் கொஞ்சம் உயர வித்தியாசம் இருந்தாலே மங்கல் மாறிவிடும். அதனால் ஒப்பீட்டு நட்சத்திரம் ஒட்டினாற்போல, அதே உயரத்தில் கிடைக்க வேண்டும். ஜனவரியில் இரவு ஒன்பது மணியை ஒட்டி அந்த உயரத்துக்கு வரும். நீ அங்கிருந்து எடு, நான் இங்கிருந்து எடுக்கிறேன், எண்களை ஒத்துப்பார்ப்போம்.