தம்புள்ளைக் குகையில் கோட்டை மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஹட்டன்காரன்:
போயா (பௌர்ணமி) லீவுக்கு வீட்டாரோடு தம்புள்ளை போகலாம் என்று இருக்கிறோம். வலகம்பா ராஜா அனுராதபுரத்தை விட்டு ஓடி வந்து ஒளிந்திருந்த குகை என்கிறார்களே, மதில், காவல் மேடு ஏதாவது பார்க்கக் கிடைக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

மாத்தளைப் பொடியன்:
மதிலைத் தேடாதீங்க அண்ணா, அந்தப் பாறைதான் கோட்டை. சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரம், மேலே நின்றால் சீகிரியாவே தெரியும், அப்படியிருக்க கீழே ஒரு படை வந்தால் தெரியாமலா போகும்? வாசலில் இருக்கிற வெள்ளை மண்டபம் 1938இல் கட்டியது, அதைப் பழைய சுவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு மேலே பாறை நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. ராஜா வருவதற்கு முன்பே பிக்குகள் இருந்த இடம் அது.

அம்மாவைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். செருப்பைக் கழற்றணும், வெயில் ஏறினால் பாறை சுடும், காலுறை கொண்டு போங்க. போயா மட்டும் வேண்டவே வேண்டாம், சனம் நெருக்கித் தள்ளும்.

பண்டாரவளை அக்கா:
இரண்டாவது குகையில் அவசரப்படாதீங்க தம்பி. 52 மீட்டர் அகலம், கூரை முழுக்க ஓவியம், பாறை மேடு பள்ளமாகப் போகிற இடத்திலெல்லாம் சாயமும் கூடவே வளைந்து போவதால் கூடாரத் துணி மாதிரியே இருக்கும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடிக்கிறார்கள். தமிழ் ராஜா எல்லாளனும் சிங்கள ராஜா துட்டகைமுனுவும் போட்ட சண்டையும் அங்கே வரைந்திருக்கிறது.

ஊர்சுற்றி:
கி.மு. 103இல் அந்த ராஜாவைத் துரத்தியவர்கள் தமிழ்த் தலைவர்கள், அதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் கணக்கில் ஐந்து பேர் அடுத்தடுத்து ஆண்டார்கள், முன்னவனைக் கொன்றுதான் பின்னவன் வந்தான், கடைசியாக ஆண்ட தாதிகனைக் கொன்று கி.மு. 89இல் வலகம்பா திரும்பினார். அப்புறம், வெள்ளைக்காரனின் கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரிலிருந்து நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு மாத்தளைக்கு நடந்து வந்ததும் தம்புள்ளை வழியாகத்தான், எத்தனையோ பேர் பாதியிலேயே விழுந்தார்கள்.

திரும்பும்போது மாத்தளைக்குச் சற்று முன்னால் அலுவிகாரைக் குகைக் கோயிலில் இறங்குங்க. பௌத்த வேதமான திரிபிடகத்தை ஓலையில் எழுதியது அங்கேதான், 1848 கலவரத்தில் வெள்ளைக்காரன் நாசம் பண்ணிய இடமும் அதுதான்.

ஹட்டன்காரன்:
சரி, போயாவை விட்டுவிட்டு வேறொரு நாள் போகிறோம். அலுவிகாரையில் படி அதிகமா?

மாத்தளைப் பொடியன்:
தம்புள்ளை அளவுக்கு இல்லை. பாறை இடுக்கில் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்க.