மக்காச்சோளத்துக்கு யூரியா: நாள் கணக்குப் பார்த்துக் கெட்ட கதை (மூன்று விவசாயிகள் சொல்வது)

பெரம்பலூர் பக்கம், கரிசல், மானாவாரி மூன்று ஏக்கர்:

விதைத்த 25ஆம் நாள் மேலுரம் (வளரும் பயிருக்கு இடும் உரம்) என்று மனசில் பதிந்திருந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இறவையில், அதாவது பாசனத்தில், வளரும் வீரிய ரகத்துக்குத் தழைச்சத்தில் (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) கால் பங்கு அடியுரம், அரைப் பங்கு 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள் என்றுதான் பிரித்துச் சொல்கிறது, ஆனால் அது தண்ணீர் கையில் இருப்பவனுக்கான கணக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முந்தின ராத்திரி தூறல் விழுந்து மேல்மண் நனைந்திருந்தது. சரி, இதுதான் சமயம் என்று ஏக்கருக்கு ஒரு மூட்டை வீசிவிட்டேன். யூரியா கரையப் போதும், உள்ளே இறங்கப் போதாது, அவ்வளவுதான் ஈரம். அப்புறம் ஒன்பது நாள் வெயிலும் காற்றும்தான். சுண்ணாம்புக் கரிசல் வேறு, கரைந்ததில் பாதி அமோனியாவாகப் பறந்திருக்கும். பயிர் முழங்கால் உயரத்திலேயே வெளிறி நின்றது.

மறுவருஷம் உஷாராக மழைக்கு முதல்நாள் சாயங்காலம் போட்டேன். வந்தது ஐப்பசி அடைமழை! மூன்று நாள் வயலில் தண்ணீர் நின்று, உரம் ஓடையோடு போயிற்று.

இப்போது நாளை எண்ணுவதில்லை. அரை அடி தோண்டி ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, 20ஆம் நாளோ 32ஆம் நாளோ, செடிக்கு நாலு விரல் தள்ளிக் குழி போட்டு யூரியா வைத்து மண் மூடுகிறோம். கூலி கூடத்தான் ஆகிறது. ஆனால் வீசும்போது குருத்தில் யூரியாக் குருணை விழுந்து இலை கருகுவது நின்றது.

உடுமலை, கிணற்றுப் பாசனம்:

எங்களுக்குச் சொட்டுநீர் இருப்பதால் யூரியாவைக் கரைத்து வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம், அதனால் மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் உரம் விட்டபிறகு நெடுநேரம் தண்ணீர் ஓட விட்டால் வேருக்குக் கீழே போய்விடும், அதை மோட்டாரை நிறுத்த மறந்து தூங்கிய ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டேன்.

அரியலூர் பக்கம்:

எனக்கு நடந்தது வேறு. இலை மஞ்சளாகிறது என்று உரக்கடையில் சொன்னேன், துத்தநாகக் குறை என்று ஒரு பொட்டலத்தைத் தலையில் கட்டினார்கள். துத்தநாகக் குறை என்றால் குருத்துப் பக்கத்து இளம் இலையில் வெளிர்ப் பட்டை விழும். என் வயலில் அடி இலைதான், நுனியில் ஆரம்பித்து நடு நரம்போடு உள்நோக்கி மஞ்சள் ஏறியது, அது தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல் சத்துக் (பொட்டாஷ்) குறை. இதெல்லாம் விளங்குவதற்குள் ஆண்பூ வந்துவிட்டது. அதற்கப்புறம் யூரியா போட்டேன், தட்டை பச்சையானது, மாடு சந்தோஷமாகத் தின்றது. கதிர் மட்டும் சாண் அளவைத் தாண்டவில்லை.