கேபிளை விட்டு ஓடிடிக்கு (இணையவழிச் செயலிகளுக்கு) மாறியவர்களின் அனுபவம் தேவை

சேலம்

எங்கள் வீட்டில் மாதந்தோறும் இரண்டு கட்டணங்கள் போகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலக வேலைக்காகப் போட்ட ஃபைபர் இணைய இணைப்பு இன்றும் தொடர்கிறது. கேபிளும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் கேபிள் ஓடும் தொலைக்காட்சியின் பக்கம் திரும்புவதே இல்லை. அம்மாவுக்கு மாலைச் சீரியல்கள், அப்பாவுக்குச் செய்தியும் கிரிக்கெட்டும் என்று அது அவர்கள் இருவருக்காக மட்டுமே ஓடுகிறது. துண்டித்துவிடலாம் என்கிறார் மனைவி. அந்தப் பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார் அம்மா. துண்டித்தவர்களும், துண்டித்த பிறகு மீண்டும் போட்டுக்கொண்டவர்களும் தங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் உதவியாக இருக்கும்.

கோயம்புத்தூர்

பணத்தை மட்டும் பார்த்தால் கேபிளே மலிவு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் 153 ரூபாய் 40 காசு என்று ஆனது. கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும். 2024-இல் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பை டிராய் நீக்கிவிட்ட போதிலும், எங்கள் பகுதியில் முக்கியமான தமிழ்ச் சேனல்கள் அடங்கிய பேக் முந்நூறு ரூபாயை ஒட்டியே நிற்கிறது.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் குறைக்கப்பட்ட விலைப்படி நெட்ஃபிளிக்ஸின் ஸ்டாண்டர்டு திட்டம் மாதம் 499 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 5,988. அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது அதன் பிரீமியம் திட்டமும் ஆண்டுக்கு 1,499. அந்த விலைகளில் மூன்றையும் கூட்டினால் 8,986 ரூபாய், மாதத்துக்கு ஏறத்தாழ 750 வருகிறது. இதில் உங்கள் அம்மா பார்க்கும் சீரியல்களுக்கான சன் நெக்ஸ்ட் போன்ற தமிழ்ச் செயலிகள் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ஃபைபர் எப்படியும் உங்கள் வீட்டில் இருப்பதால் அந்தச் செலவைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. இல்லாத வீட்டுக்கு அதுவும் கூடும்.

ஆகவே நாங்கள் எல்லாச் சந்தாக்களையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் ஒன்றை எடுத்து, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் வேறொன்றை எடுக்கிறோம். தானியங்கிப் பிடித்தம் நடப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தக் குறுஞ்செய்தி வந்தவுடன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம். அதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் யாரும் பார்க்காத செயலிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். விளம்பரத்திலிருந்து தப்பிக்கலாம் என்று மாறுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்: பிரைமில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது, அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கட்ட வேண்டும்.

மதுரை

கோவை நண்பரின் கணக்கு சரியானதே. ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தது பணம் அன்று, மாமியாரின் விரல்கள்தான். அவருக்குக் கண் பார்வை குறைவு. எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். ரிமோட்டைப் பார்க்காமலேயே மூன்று இலக்கங்களை அழுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். செயலியில் அது இயலாது. தொலைக்காட்சியை இயக்கி, செயலியைத் தேர்ந்தெடுத்து, நால்வரின் படங்களுக்கு நடுவே தன் படத்தைக் கண்டுபிடித்து, அதன் பிறகு தொடரைத் தேடி, நேற்று எந்தப் பகுதியில் நிறுத்தினோம் என்றும் பார்க்க வேண்டும். இடையில் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டால், பள்ளியிலிருந்து பேத்தி வரும்வரை அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேபிளைத் துண்டித்த முதல் சில வாரங்களில் அவர் குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாலை நேரத்தில் பக்கத்து வீட்டுக்குச் செல்லத் தொடங்கினார். அங்கே கேபிள் இருந்தது. அதைக் கவனித்த என் கணவர்தான், அவருடைய அறையில் இருக்கும் சிறிய தொலைக்காட்சிக்கு மட்டும் இணைப்பை மீண்டும் வாங்கினார். கூடத்தில் இருக்கும் பெரிய தொலைக்காட்சி இன்றுவரை ஃபைபரில்தான் ஓடுகிறது.

உள்ளூர்ச் சேனலைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் வைகையில் இறங்குவதையும் யூடியூபிலேயே நேரலையாகப் பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். எங்கள் வட்டாரத்தில் யார் காலமானார், எந்த வீதியில் இரண்டு நாள் குடிநீர் வராது, அருகிலுள்ள சிறு கோயிலில் குடமுழுக்கு என்றைக்கு என்பதெல்லாம் அடியில் ஓடும் எழுத்துகளாகக் கேபிள்காரரின் சேனலில்தான் வருகின்றன. இளையவர்கள் சிரிக்கலாம். எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்கப் போவோரில் பாதிப் பேருக்குச் செய்தி போய்ச் சேர்வது அந்த ஓட்டத்தின் வழியாகத்தான்.

சென்னை

உங்கள் அப்பாவின் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செயலி வழியாக வரும் படம் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகச் சில துண்டுகள் முன்கூட்டியே சேமிக்கப்பட்ட பிறகுதான் திரைக்கு வருகிறது. அதனால் கேபிளில் பார்ப்பவருக்கு விக்கெட் விழுந்து சற்று நேரம் கழித்தே நமக்கு விழும். அடுக்குமாடியில் வசிக்கும் எங்களுக்குக் கீழ்த்தளத்திலிருந்து எழும் கூச்சலே முடிவைச் சொல்லிவிடுகிறது. தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

மேலும், 2023-இல் ஐபிஎல் போட்டிகள் முழுவதும் ஜியோசினிமாவில் கட்டணமின்றி வந்ததை நினைத்து எவரும் முடிவெடுக்க வேண்டாம். 2025-இல் அவை சந்தாவுக்குள் போய்விட்டன. எந்த விளையாட்டு எந்தச் செயலியில் வரும் என்பது ஒளிபரப்பு உரிமை கைமாறும்போதெல்லாம் மாறும்.

நாகப்பட்டினம்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது கேபிளா ஓடிடியா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது, ஏனெனில் இரண்டு கம்பிகளும் ஒரே மின்கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் திரும்பிய பிறகும் அவற்றை இழுத்துக் கட்டப் பல நாள்கள் பிடித்தன. அதன் பிறகு மாடியில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் ஒன்றை வைத்தோம். டிஷ்ஷையும் பெட்டியையும் ஒரு முறை வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. உங்கள் அம்மா கேட்கும் சீரியல்களை அதில் எதிர்பார்க்க முடியாது. பொதிகை என்று நாம் அறிந்த, 2024-இல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனலும் செய்திகளும் கிடைக்கும்.

உங்கள் அப்பாவுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாட்டுக்கு முக்கியமானவை என்று அரசு அறிவித்த விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பகிரப்படும் படத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் வேறு நிகழ்ச்சி ஓடுவதும், அதே நேரத்தில் எங்கள் மாடி டிஷ்ஷில் இந்திய அணி ஆடுவதும் இதனால்தான். ஐபிஎல் இந்தப் பட்டியலில் வராது.

சேலம்

மிக்க நன்றி. எங்கள் கூடத்துத் தொலைக்காட்சி பழையது, அதில் செயலிகள் கிடையாது. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

திருச்சி

தேவையில்லை. எச்டிஎம்ஐ துளை இருந்தால் செயலிகளை ஓட்டும் சிறு கருவியான ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகினால் போதும். ஸ்மார்ட் தொலைக்காட்சி வாங்கியவர்களும் சில ஆண்டுகளில் அதன் மென்பொருள் பழையதாகிச் செயலிகள் ஓடாமல் போன பிறகு ஸ்டிக்குக்கே வருகிறார்கள். கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து ஓட்டலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி செலவாகும். நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம் ஒரு படத்துக்கே போதாது.

ஈரோடு (கேபிள் தொழிலில் இருப்பவர்)

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2011-இல் தமிழக அரசின் கேபிள் நிறுவனமான அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த காலத்தில், ஒரு வீட்டுக்காரர் கேபிளே வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது துண்டிக்கச் சொல்கிற வீட்டுக்கும் பெரும்பாலும் நான்தான் ஃபைபர் கொடுத்திருக்கிறேன். அடிப்படைக் கட்டணத்தில் எங்கள் பங்கு பாதிக்கும் குறைவு என்பதால், இணையம் கொடுக்காத ஆபரேட்டர் இனி தாக்குப்பிடிப்பது கடினம். எனவே நான் கேபிளுக்காக வாதாடுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

சேலம் நண்பருக்கு நான் சொல்வது, உடனே துண்டிக்காமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும்படி உங்கள் ஆபரேட்டரிடம் எழுதிக் கேளுங்கள் என்பதே. டிராயின் சேவைத் தர விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது; பெட்டி உங்களிடமே இருக்கும், நிறுத்திய மாதங்களுக்குச் சந்தாக் கட்டணம் கிடையாது. விடுமுறைக் காலத்தில் வீட்டு வழக்கமே மாறிவிடும் என்பதால் அதைத் தவிர்த்துச் சாதாரண மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் சீரியல் எந்தச் செயலியில் வருகிறது என்பதை முன்பே பார்த்து, அந்தச் சந்தாவை எடுத்து, ஸ்டிக்கின் முதல் திரையில் அதை வைத்துக் கொடுங்கள். அவர் ஒரு மாதம் தானாகவே இயக்கிப் பழகிவிட்டால் முழுமையாகத் துண்டிக்கலாம்.

அப்போது பெட்டியை மறந்துவிட வேண்டாம். 2017 முதல் அரசு கேபிள் இலவசமாகக் கொடுத்த செட்டாப் பாக்ஸ் நிறுவனத்தின் உடைமை. ரிமோட், அடாப்டர், வயர் எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். பெட்டியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ரசீதை வாங்காமல் கொடுக்காதீர்கள், ஏனென்றால் ஆபரேட்டர் மாறிய பிறகு பெட்டி எங்கே என்று கேட்டு வருகிறவர்களிடம் காட்ட உங்களிடம் வேறு சான்று எதுவும் இருக்காது.